மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று கப்பலேறியவர் ஏன் திரும்பவில்லை?

கேள்வி இது: "எங்கள் கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1920-களில் மலாயாவுக்குக் கப்பலேறியவர். மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர் வரவே இல்லை. இரண்டு கடிதம் வந்ததாம், அப்புறம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எப்படிப் போனார்கள்? அங்கே என்ன வாழ்க்கை? ஏன் திரும்பவில்லை?"

மலாயா என்றால் குடிபெயர்ந்து போனார்கள் என்றுதான் இன்று நினைக்கிறோம். அன்று கப்பலேறியவர் யாரிடமாவது "குடியேறப் போகிறாயா" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் போனது சம்பாதிக்க. கடனை அடைக்க, தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ண, முடிந்தால் ஒரு மா நிலம் வாங்க. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பியும் வந்தார்கள். சிலர் இரண்டு மூன்று தடவை போய் வந்திருக்கிறார்கள். ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தா சிறுபான்மை. அதனால் உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குப் போவதற்கு முன்னால் போன வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். கொஞ்சம் படித்தது, கொஞ்சம் என் பாட்டி சொன்னது, இரண்டும் கலந்துதான் வரும்.

1920-கள் என்பதால் அவர் அநேகமாகக் கங்காணி மூலம், அதாவது தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி மூலம் போனவர். அதற்கு முந்தைய தலைமுறை 'சஞ்சிக்கூலி'யாகப் போனது. சஞ்சி என்றால் மலாய் மொழியில் வாக்குறுதி, ஒப்பந்தம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு ஓடினால் ஜெயில். மலாயாவில் அந்த முறையை 1910-ல் நிறுத்தினார்கள். அதன் பிறகு முழுக்கக் கங்காணி ராஜ்யம்.

கங்காணி வெளியாள் இல்லை. அதே தோட்டத்தில் வேலை பார்த்த ஆள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை அவருக்கு ஒரு லைசென்ஸ் எழுதிக் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். இத்தனை பேரைத்தான் கூட்டி வரலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஊருக்கு வந்ததும் தன் சொந்தக்காரர், பக்கத்துத் தெருக்காரர், கடனில் இருப்பவர், வீட்டில் கோபித்துக்கொண்டவர் என்று ஆள் பிடிப்பார். கிராம முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பெயர் தெரியாத ஏஜெண்ட் ஏமாற்றிக் கூட்டிப் போவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம். ஆனால் சொந்தக்காரன் ஏமாற்றினால் என்ன செய்வது? பட்டுத் துண்டும் கைக்கடிகாரமுமாக வந்து நிற்கும் மாமாவை எந்த முன்சீப் விசாரிக்கப் போகிறார்? கங்காணிக்குக் கூட்டி வரும் ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு கமிஷன். அப்புறம் அந்த ஆள் தினமும் வேலைக்கு இறங்கினால் அதற்குத் தனியாகத் தலைக்காசு. அதாவது ஆள் படுத்துக்கொண்டால் கங்காணிக்கு நஷ்டம். காய்ச்சல்காரனையும் லயத்திலிருந்து (கூலிகளின் வரிசை வீடுகள்) இழுத்து வந்து நிறுத்தினார்கள் என்ற கதைகளுக்கெல்லாம் இந்தத் தலைக்காசுதான் காரணம்.

கப்பல் கூலி? அது இலவசம். 1907-ல் தோட்ட முதலாளிகளிடமிருந்து ஆள் கணக்கில் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி உண்டாக்கினார்கள். அந்தப் பணத்தில்தான் டிக்கெட், முகாம் சாப்பாடு எல்லாம். அதனால் "கப்பல் டிக்கெட் கடனை அடைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார்" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். கடன் வேறு வழியில் ஏறியது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது கங்காணி கொடுத்த முன்பணம், அங்கே போனபின் கங்காணியோ அவர் ஆளோ வைத்திருந்த கடையில் எழுதிய பற்று.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர் என்றால் நாகப்பட்டினம்தான். 1860-களிலேயே நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் ஓடியது. உள்நாட்டு ஊர்களெல்லாம் அந்த ஒரு தண்டவாளத்தால் கடலோடு ஒட்டிக்கொண்டன. நாகப்பட்டினத்திலும், சென்னைப் பக்கம் ஆவடியிலும் மலாயா அரசின் முகாம்கள் இருந்தன. அங்கே சில நாள் தங்க வைத்து, டாக்டர் பார்த்து, அம்மை குத்தி, "உன் சொந்த விருப்பத்தில்தானே போகிறாய்" என்று ஓர் அதிகாரி கேட்டுப் பதிவு செய்த பிறகே கப்பல்.

என் பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. முன்னாலேயே போய்விட்ட அப்பாவோடு சேர அம்மாவுடன் போனார். கப்பல் பயணம் என்றால் எங்களுக்குக் கடலும் வானமுமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்ப்போம். அவர் சொல்வதெல்லாம் படகுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையணையாது, ஆழம் போதாது. வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலின் பக்கவாட்டில் நிறுத்துவார்கள். படகு அலையில் ஏறும், இறங்கும். ஏறுகிற கணத்தில் படகுக்காரன் பிள்ளையைத் தூக்கி நீட்ட, ஏணியில் நிற்கும் ஆள் வாங்கிக்கொள்ள வேண்டும். தப்பினால் அடுத்த அலைவரைக்கும் காத்திருக்க வேண்டும். பாட்டியை இரண்டாவது அலையில்தான் வாங்கினார்களாம். முதல் அலையில் தன் கை அந்த ஆளின் விரலில் பட்டு நழுவியதை எண்பது வயதிலும் கையை நீட்டிக் காட்டுவார். கூடவே ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. ஊறுகாய் வாந்திக்கு. ஜாடி படகிலேயே உடைந்துவிட்டது.

அந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களில் பெயர் பெற்றது 'ரஜூலா'. 1926-ல் ஓட ஆரம்பித்து 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய் வந்தது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிளாங். இங்கே எந்தத் தமிழ்க் குடும்பத்தில் கேட்டாலும் "தாத்தா ரஜூலாவில் வந்தார்" என்பார்கள். 1926-க்கு முன்னால் வந்தவருக்கும் ரஜூலாவைத்தான் சொல்வார்கள், அது தனிக் கதை. கூலிகளுக்கு அறை கிடையாது. டெக் டிக்கெட் என்றால் திறந்த தளத்தில் பாய் விரிக்க இடம், அவ்வளவுதான். பாயை எங்கே விரிக்கிறோமோ அதுதான் வீடு. முதலில் ஏறியவன் காற்று வரும் பக்கம், கடைசியில் ஏறியவன் கக்கூஸ் பக்கம். ஊரில் பக்கத்தில் உட்காராத சாதிகள் அங்கே பாயோடு பாய் ஒட்டிப் படுத்தன. அதற்காகக் கப்பலில் சாதி கரைந்துவிட்டது என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்தில் இறங்கியதும் லயத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அது திரும்பி வந்தது. கப்பலில் இடமில்லாமல் ஒதுங்கி நின்றது, அவ்வளவே.

ஒரு வாரத்துக்குள் பினாங்கு. ஆனால் கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டுவிட்டால் எல்லோருக்கும் ஜெரஜாக் தீவில் காவல். பினாங்குக்குப் பக்கத்தில் சின்னத் தீவு, தனிமைப்படுத்தும் நிலையம் அங்கேதான் இருந்தது. துணிமணியை வாங்கி ஆவியில் வேகவைத்துச் சுருங்கிப்போய்த் திருப்பித் தந்தார்கள் என்பது பாட்டியின் இரண்டாவது குறை. பட்டுப் பாவாடை ஒன்று அதில் போய்விட்டது.

சரி, வாழ்க்கை. ரப்பர்த் தோட்டத்தில் நாள் தொடங்குவது விடியலுக்கு முன்னால், பிரட்டுக் களத்தில். வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி குறித்துக்கொள்வார், கங்காணி தன் தலைகளை எண்ணிக்கொள்வார். பிறகு உளியோடும் வாளியோடும் இருட்டில் மரத்துக்கு. ஏன் அந்த நேரம் என்றால், வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் வந்தால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். ஓர் ஆளுக்கு 300, 400 மரம். நேற்று வெட்டிய கோட்டின் மேல் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, அதே கோட்டை ஒட்டிப் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். அரிசி கனத்துக்கு மேல் போகக்கூடாது. ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் விழும், பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. கிராணி விளக்கைப் பிடித்துக் காயத்தை எண்ணுவார். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக் கம்பியில் மாட்டிவிட்டு அடுத்த மரம். வயல் வேலை தெரிந்தவருக்கு இது முற்றிலும் புதுசு. கதிர் அறுத்த கை ஒரு மில்லிமீட்டர் கணக்குக்குப் பழக மாதக் கணக்காகும்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்த நாட்டில் மழைக்குக் காலமும் இல்லை.

1920-களின் கடைசியில் முக்கியமான பகுதிகளில் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு (மலாயா வெள்ளி, அதாவது டாலரில் பாதி), பெண்ணுக்கு 40 காசு. அன்றைய மாற்று விலையில் 50 காசு என்பது சுமார் 12 அணா. தஞ்சாவூரில் நெல்லாகக் கூலி வாங்கியவருக்கு இது பெரிய தொகை. அதனால் கங்காணி சொன்னது முழுப் பொய் இல்லை. அங்கே அரிசி என்ன விலை, மாதத்தில் எத்தனை நாள் மழை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். மாதச் சம்பளத்தில் கடைப் பற்று போக, கள்ளுக்கடைக்குக் கொஞ்சம் போக, மிச்சத்தைத்தான் மணியார்டர் பண்ணலாம். கள்ளுக்கடை பல தோட்டங்களில் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கொடுத்த கூலி ஒரு வாசல் வழியாகப் போய் இன்னொரு வாசல் வழியாகத் திரும்பியது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. சொல்லக் கஷ்டமான பதிலை முதலில் சொல்கிறேன். திரும்பாதவர்களில் ஒரு பகுதி இறந்துபோனவர்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட வருஷங்களில் மலேரியா ஆளை வாரிக்கொண்டு போனது. 1901-லிருந்து கிளாங்கில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடித்து, கால்வாய் வெட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஆனால் எல்லாத் தோட்டமும் அந்தச் செலவைச் செய்யவில்லை. படிக்கத் தெரியாத ஒருவர் லயத்தில் இறந்தால் ஊருக்கு யார் எழுதுவது? கடிதம் எழுதிக் கொடுத்ததே கிராணியோ கங்காணியோதான். இரண்டு கடிதத்தோடு நின்றுபோனது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதையும் ஒரு சாத்தியமாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இருந்தவர்களின் கதை வேறு. 1930-ல் உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசே கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. கூலி 50 காசிலிருந்து 40 ஆனது, பிறகு அதற்கும் கீழே போனது. அப்போதும் இருந்துவிட்டவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் குடும்பத்தோடு இருந்தவர்கள். 1931 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியர்களில் இரண்டு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவு இல்லை. பெண் கிடைத்து, பிள்ளை பிறந்த ஆணுக்கு ஊர் என்பது தூரமானது. ஊரில் ஒரு குடும்பம் இருந்து இங்கேயும் ஒன்று அமைந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். வெட்கம்தான், வேறென்ன.

அப்புறம் சாதி. இதை நம் குடும்பக் கதைகளில் யாரும் சேர்ப்பதில்லை. தஞ்சாவூரில் பண்ணையாளாக இருந்து கப்பலேறியவர் திரும்பினால் எங்கே திரும்புவார்? அதே மிராசுதாரின் களத்துக்கு. இங்கே லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறை, துரை திட்டுவார், கங்காணி அடிப்பார். ஆனால் மாதம் பிறந்தால் கையில் காசு வரும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி என்றால் ஒரு கொட்டகை, வாத்தியார் என்றால் எழுத்துத் தெரிந்த யாரோ. மலேசியாவில் இன்று இருக்கும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பலவற்றுக்கு வேர் அந்தக் கொட்டகைதான். ஊரில் அந்தப் பிள்ளைக்கு மாடு மேய்க்கிற வேலை. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

வேரூன்றியதற்கு எனக்குத் தெரிந்த முதல் அடையாளம் கோயில். லயம் அமைந்த சில மாதத்தில் ஏதாவது மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம். மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன். பிறகு தகரக் கூரை. பிறகு சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக் கோயில் நிதி. வருஷத் திருவிழாவுக்குத் தீமிதி. தீமிதிக்குக் காப்புக் கட்டியவன் அடுத்த வருஷமும் இருப்பான் என்று பாட்டி சொல்வார். நேர்த்திக்கடன் மூன்று வருஷத்துக்குத்தானே வழக்கம்! மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று ஊரில் ஒரு கணக்கு, மூன்று வருஷம் தீமிதிக்கிறேன் என்று இங்கே ஒரு கணக்கு.

அதற்குள் கதவுகள் சாத்தத் தொடங்கின. கூலிக் குறைப்பு விவகாரத்தில் 1938-ல் இந்திய அரசே மலாயாவுக்கு உதவிப் பயணத்தில், அதாவது இலவச டிக்கெட்டில், கூலிகள் போவதைத் தடை செய்தது. ஆக, ஊருக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. போகாமலே இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது. அடுத்த மூன்றரை வருஷம் கடிதமும் இல்லை, மணியார்டரும் இல்லை. சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு மரண ரயில் போட ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களைப் பிடித்துப் போனது அப்போதுதான். 415 கிலோமீட்டர் பாதை, திரும்பி வராத லயங்கள் உண்டு. உங்கள் கொள்ளுத்தாத்தா அந்த வயதில் இருந்திருந்தால் இதையும் விசாரிக்க வேண்டும். 1953-ல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் வந்து உள்ளே வருவதும் கடினமாகிவிட்டது. 1957-ல் சுதந்திரம், குடியுரிமை. அங்கே பிறந்த பிள்ளைகள் குடிமக்கள், கப்பலில் வந்த அப்பன் பல வீடுகளில் சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது குடியுரிமை இல்லாதவர்.

அதே சமயம் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். லயமும் போச்சு, வேலையும் போச்சு. 1960-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய் "மாதம் பத்து வெள்ளி போடு, தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்று கேட்டார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டியவன் பங்குதாரன் ஆனான். புது வாழ்க்கையைக் 'கட்டினார்கள்' என்ற சொல் எனக்குப் பொருந்துவதாகத் தோன்றும் இடம் இது ஒன்றுதான். அதற்கு முந்தையதெல்லாம் கட்டியது என்பதைவிடத் தேங்கிப் படிந்தது என்றே சொல்வேன். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல ஆயிரம் பேர் வயதான காலத்தில் ஊருக்குக் கப்பலேறினார்கள், அதே ரஜூலாவில். உங்கள் ஊர்ப் பக்கம் 'மலாயாக்காரர் வீடு' என்று ஒன்று இருந்தால் அநேகமாக இந்தக் கூட்டம்தான்.

தேடுவதற்கு ஒரு வார்த்தை. இணையத்தில் கப்பல் பட்டியல் தேடினால் உங்களுக்கு வருவதெல்லாம் நேட்டால் பட்டியலாக இருக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு 1860-லிருந்து 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, கிராமம், கப்பல் என்று ஆள்வாரியாகப் பதிவு இருக்கிறது. 342 பேரோடு சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பனில் சேர்ந்த 'ட்ரூரோ'வில் தொடங்குகிறது. தமிழ் தெரியாத குமாஸ்தா எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கவெண்டர்' ஆனார், பேரப்பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. அது சஞ்சிக்கூலிகளுக்கான பதிவு. கங்காணி மூலம் மலாயா போன உங்கள் கொள்ளுத்தாத்தாவை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்குக் கையிலிருக்கும் துப்பு அந்த இரண்டு கடிதம். கடிதம் போய்விட்டாலும் உறை இருக்கிறதா என்று பழைய பெட்டிகளில் பாருங்கள். முத்திரையில் தபால் ஆபீஸ் பெயர் இருக்கும், தைப்பிங், சுங்கை சிப்புட், காஜாங் என்று ஏதாவது. அந்த ஊரைச் சுற்றி அன்று எந்தெந்தத் தோட்டம் இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தோட்டம் தெரிந்தால் கோயில் தெரியும். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (பாமாயில் மரம்) மாறி, பிறகு வீடுகளாக மாறிப்போனாலும், கோயிலைப் பெரும்பாலும் பக்கத்தில் எங்காவது நகர்த்தி வைத்திருப்பார்கள். திருவிழாச் சமயத்தில் பழைய தோட்டத்து ஜனங்கள் அங்கே கூடுவார்கள். ஊர்ப் பெயரையும் கங்காணி பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கொள்ளுத்தாத்தா பெயரை அப்புறம் சொல்லலாம். தோட்டத்தில் ஆளைவிடக் கங்காணி பெயர்தான் நாள்பட நினைவில் நிற்கும், "இன்னாருடைய ஆளுங்க" என்றுதான் ஒவ்வொரு லயத்தையும் சொல்வார்கள்.

முத்திரை படிக்க முடியாமல் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.